போனை உள்ளே வையுங்கள், அவரிடம் பேசுங்கள்

தெற்கு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பயணிகள் எங்களை டி.டி.ஆர். என்பார்கள். மதுரையில் வீடு. ஒரு பக்கம் திருநெல்வேலி, இன்னொரு பக்கம் திருச்சி, விழுப்புரம் என்று இரவும் பகலும் வண்டியிலேயே என் உத்தியோக காலம் போனது. கல்யாண வீட்டில் என்னைப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “உங்க வண்டியில பெரிய ஆளுங்க யார் யாரெல்லாம் வந்திருக்காங்க?”

நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பாடகர்கள், எழுத்தாளர்கள், நடிகர்கள், மந்திரிகள், மந்திரியாக இருந்தவர்கள். யாருடைய பெயரையும் சொல்ல மாட்டேன். சார்ட்டில் பார்த்த பெயர் சார்ட்டோடு போக வேண்டும் என்பது நான் பழகிய முறை. பெயரை விட்டுவிட்டும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பிரபலமான ஒருவரைத் தற்செயலாகப் பார்ப்பது என்ற சாதாரண சந்தோஷத்தை நாம் வேகமாக இழந்துகொண்டிருக்கிறோம். அதில் நமக்கும் நஷ்டம், அவர்களுக்கும் நஷ்டம். அவர்களுக்குத்தான் அதிகம் என்பது என் கருத்து.

முன்பெல்லாம் வண்டி புறப்படும் முன் ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும் சார்ட் ஒட்டுவோம். பெயர், வயது, ஆணா பெண்ணா, பெர்த் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பயணிகள் தங்கள் பெயரைத் தேடி விரலை ஓட்டிக்கொண்டே வருவார்கள். வழியில் தெரிந்த பெயர் ஒன்றில் விரல் நிற்கும். கார்டு கொடி காட்டுவதற்குள் “எஸ் ஃபைவ்ல அவர் வர்றாராம்” என்ற செய்தி கடைசிப் பெட்டிவரை போய்விடும். 2018 மார்ச்சில் பெரிய நிலையங்களில் பெட்டியில் சார்ட் ஒட்டுவதை நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணின் பெயரையும் வயதையும் வாசலில் ஒட்டி வைக்கும் வழக்கம் எனக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

சார்ட் போவதற்கு முன்பே பெரிய மனிதர்கள் ரயிலை விட்டுப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மதுரைக்கும் திருச்சிக்கும் தூத்துக்குடிக்கும் விமானம் இருக்கிறது. நாற்கரச் சாலை வந்த பிறகு சென்னையில் காரில் ஏறினால் நேரே வீட்டு வாசலில் இறங்கலாம். வேலை மிகுந்தவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விமானத்தில் முன் வரிசையிலும் காரில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலும் போகிறவர் வழியில் யாருடைய பேச்சையும் கேட்பதில்லை. ரயிலில் அப்படி இருக்க முடியாது. எதிர் சீட்டில் யார் வந்து உட்காருவார் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் அந்த ஆளோடுதான் போயாக வேண்டும்.

அப்படி எதிரே உட்கார்ந்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் மதுரைதான் சாட்சி. 1921 செப்டம்பரில் காந்தி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். அந்நியத் துணியை விடுங்கள், கதர் உடுத்துங்கள் என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போன சமயம். அவர் வந்த பெட்டியில் இருந்த பயணிகளோ பெரும்பாலும் அந்நியத் துணிதான் உடுத்தியிருந்தார்கள். அவர்களிடமும் பேசினார். கதர் விலை அதிகம், அதை வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள். காந்தியே இதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர் உடம்பில் மேல்சட்டை இருந்தது, தலையில் குல்லாய் இருந்தது, முழு வேட்டி கட்டியிருந்தார். ஆடையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே இரண்டு முறை அவருக்கு வந்து, தயங்கித் தள்ளிப்போட்டிருந்தார். அந்தப் பயணிகளின் பதில் தயக்கத்தை முடித்துவைத்தது. மேலமாசி வீதியில் அவர் தங்கிய வீட்டில் செப்டம்பர் 22 அன்று அரைவேட்டிக்கு மாறினார். பத்து ஆண்டுகள் கழித்து லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்க்கப் போனதும் அதே உடையில்தான்.

காந்தி அரையாடைக்கு மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயணிகள் யார் என்பது யாருக்கும் தெரியாது. அவர்கள் காந்தியின் காலில் விழுந்து எழுந்து போயிருந்தால், அல்லது “சரிங்க மகாத்மா” என்று தலையாட்டிவிட்டு இறங்கியிருந்தால், அந்தத் தயக்கம் இன்னும் எத்தனை நாள் நீடித்திருக்குமோ. எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்தும், தங்கள் நிலைமையை உள்ளபடி சொன்னார்கள். அதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இந்த மாதிரிப் பேச்சு என் கண் முன்னாலும் நடந்திருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் கோச். தமிழில் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த எழுத்தாளர் ஒருவர் திருநெல்வேலியில் ஏறியிருந்தார். சார்ட்டில் இனிஷியலோடு சொந்தப் பெயர்தான் இருந்தது. புனைபெயரில் மட்டுமே அவரைத் தெரிந்தவர்கள் அதை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கோவில்பட்டியில் ஒரு அம்மா ஏறினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தாம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு பை நிறையக் கருப்பட்டியும் இன்னொரு பையில் முருங்கைக்காயும். சீட்டுக்கு அடியில் பைகளைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் எதிரே இருந்தவரை உற்றுப் பார்த்தார். வாரப் பத்திரிகையில் கதையோடு போட்டோவும் வருமே, அதில் பார்த்த முகம்.

“ஐயா, அந்த மாடு கன்னு போடுற கதை நீங்க எழுதுனதுதானே?”

அவர் ஆமாம் என்றார். பாராட்டு வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

“அதுல அந்தப் பொண்ணு மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து விடிய விடிய அழுதான்னு எழுதியிருக்கீக. அழுக எங்கய்யா நேரம்? கன்னு விழுந்ததும் மூஞ்சியில இருக்கிற கோழையை வழிச்சு எடுக்கணும், சாக்கைப் போட்டு மேலெல்லாம் தொடைக்கணும். இளங்கொடி விழுற வரைக்கும் கண்ண மூடாம காவல் இருக்கணும். கண்ணசந்தா மாடே அதைத் தின்னுபோடும். விழுந்ததும் சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்கவிட்டுட்டு வந்து பெறகுதான் அவ உக்காருவா. அழுதா அப்ப அழுதிருப்பா.”

எழுத்தாளர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். “உக்காந்த பெறகு என்ன செய்வா, தாயி?” என்று கேட்டார். அந்த அம்மா யோசித்துவிட்டு, “கையைக் கழுவிட்டு, அடுப்பு மூட்டி, மாட்டுக்குச் சுடுதண்ணி வைப்பா” என்றார். நான் டிக்கெட் பார்த்துவிட்டு அடுத்த பே-க்குப் போய்விட்டேன். விருதுநகர் தாண்டித் திரும்பி வந்தபோதும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவர் கேட்டார், அந்த அம்மா சொன்னார். சீம்பால் யாருக்கெல்லாம் கொடுப்பார்கள், கிடேரிக் கன்றுக்கும் காளைக் கன்றுக்கும் வீட்டில் முகம் எப்படி மாறும் என்று என்னென்னவோ. மதுரை வரும்போது விளக்கை அணைத்தார்கள். அவருக்கு லோயர் பெர்த். அந்த அம்மாவுக்கு மிடில். அவராகவே எழுந்து இடத்தை மாற்றிக் கொடுத்தார்.

விருது மேடைகளில் அவருக்கு எத்தனையோ பாராட்டு கிடைத்திருக்கும். இந்த இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது எந்த மேடையிலும் கிடைக்காது.

செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் தன் பேட்டிகளில் ஒரு ரயில் சம்பவத்தைச் சொல்வார். எதிரே இருந்த பெரியவர், தம்பி என்ன செய்கிறாய் என்று விசாரித்திருக்கிறார். செஸ் விளையாடுகிறேன் என்று இவர் சொல்ல, விளையாட்டை நம்பிப் பிழைக்க முடியாது, விஸ்வநாதன் ஆனந்தாக இருந்தால் சரி, மற்றவர்களுக்குக் கஷ்டம் என்று பெரியவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ அந்தப் பெரியவரின் மனசுதான் முதலில் தெரிகிறது. முன்பின் தெரியாத ஒரு பையனின் சோற்றுக்காக அவர் கவலைப்பட்டிருக்கிறார். முகம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் அப்படி ஒரு கவலையை யாரும் நேரில் சொல்வதில்லை. பெயர் வாங்கியவர்கள் இழக்கும் முதல் சொத்து அதுதான்.

என் பணியின் பிற்பகுதியில் கைபேசியில் கேமரா வந்தது. அதன் பிறகு பேச்சு குறைந்தது என்று சொன்னால் போதாது, பேச்சே நின்றுவிட்டது. இரண்டாம் வகுப்பு ஏசியில் ஒரு பின்னணிப் பாடகி மதுரையிலிருந்து சென்னைக்குப் போனார். அன்று கச்சேரி முடித்துவிட்டு வந்திருந்தார். தொண்டைக்கு வெந்நீர் ஃபிளாஸ்க், காதைச் சுற்றி மஃப்ளர், ஏறியதும் படுத்துவிட்டார். திண்டுக்கல்லுக்குள் செய்தி பரவி, பக்கத்துப் பெட்டிகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் திரையை விலக்கி, தூங்குகிற முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். பாடகி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்ததையும் இன்னொருவர் எடுத்தார். நான் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் அனுப்பினேன். வாசலில் நின்ற ஒருவர் போகும்போது என்னிடம் கேட்டார்: “சார், இவங்க சினிமாவுல பாடுறவங்களா, டிவியிலயா?”

திருச்சியில் அந்தப் பாடகி டீ குடிக்க எழுந்து வந்தார். தூக்கம் போய்விட்டது என்று சொல்லவில்லை. “இத்தனை பேர் வந்தாங்களே, ஒருத்தர்கூட ஒரு பாட்டோட பேரைச் சொல்லலை, பாருங்க” என்றார். அவர் பாடியதில் என் அக்காவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. அக்கா இறந்த வீட்டில் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறோம். அதைச் சொன்னேன். டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அந்தப் பாட்டு பதிவான நாளில் தனக்கு ஜுரம், மூச்சு வாங்கிய இடத்தை மறைக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டார்கள், இன்றைக்கும் அந்த இடம் வரும்போது சங்கடமாக இருக்கும் என்றார். என் அக்கா அந்த இடத்துக்காகத்தான் கேட்பாள் என்று சொன்னேன். வண்டி கிளம்பியது.

படம் எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. பார்த்ததை வீட்டில் போய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். ஆனால் அந்த ஆசைக்கு ஒரு எல்லை வேண்டும். 2017 ஜனவரி 23 இரவு, ஷாருக் கான் தன் ‘ரயீஸ்’ பட விளம்பரத்துக்காக மும்பையிலிருந்து டெல்லிக்கு அகஸ்ட் கிராந்தி ராஜதானியில் போனார். வதோதரா நிலையத்தில் சில நிமிடம்தான் வண்டி நிற்கும். அதற்குள் பிளாட்பாரத்தில் கூட்டம் முண்டியடித்தது. நெரிசலில் ஒருவர் இறந்துபோனார். அது முன்பே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்த பயணம், தற்செயல் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு ரயிலில் வருவதை நான் ஏற்கவில்லை. பிளாட்பாரம் மேடை அல்ல. மூட்டை தூக்குகிறவரும் கைக்குழந்தையோடு ஓடுகிறவரும் நடக்கிற இடம் அது. அந்த ஆபத்தைக் காட்டித்தான் இன்று பெரிய மனிதர்கள் பொது இடங்களையே தவிர்க்கிறார்கள். நாம் நெருக்க, அவர்கள் விலக, இடையில் இருந்த பேச்சு செத்துப்போனது.

இதற்கு நேர்மாறான கூட்டம் ஒன்றும் உண்டு. பதவியில் இருந்தபோது வண்டி நிற்கும் இடமெல்லாம் மாலை வாங்கியவர்கள், பதவி போனபின் ஒரு கைப்பையோடு வைகை எக்ஸ்பிரஸில் வருவார்கள். பக்கத்தில் இருப்பவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அப்படி வந்த முன்னாள் மந்திரி ஒருவரிடம், மணப்பாறையில் ஏறிய விவசாயி ஒருவர், “எங்க ஊரு ஓடைப் பாலம் நீங்க போட்டது. எத்தனை வெள்ளம் வந்தும் அசையல” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். மந்திரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த ஊர் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் இருக்கிறாரா, இவர் எப்படி இருக்கிறார் என்று திண்டுக்கல் வரை விசாரித்துக்கொண்டே வந்தார்.

மதுரைக்காரர்களுக்கு இந்த இடத்தில் கக்கன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் 1967 வரை மந்திரி. பொதுப்பணி, உள்துறை எல்லாம் பார்த்தவர். கடைசிக் காலத்தில் மதுரை அரசு ராசாசி மருத்துவமனையின் சாதாரண வார்டில் கிடந்தார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். வேறொருவரைப் பார்க்க வந்த இடத்தில்தான் கக்கனும் அங்கே இருப்பது தெரியவந்தது. போய்ப் பார்த்து, உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பரில் கக்கன் காலமானார். ஒரு தற்செயல் நடக்காமல் போயிருந்தால் அந்த உதவியும் இல்லை. வார்டுக்கு வெளியே அந்த நாட்களில் எத்தனை பேர் கடந்து போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

பிரபலமானவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பாதுகாப்புக் காரணத்தால் முடியாதவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள், முக்கியமாக ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்தவர்கள், மாதம் ஒருமுறை உதவியாளர் இல்லாமல் ஸ்லீப்பரில் வாருங்கள். அறிவிக்காமல் வாருங்கள். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அதனால் யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம் என்பதை மனுவாக எழுதிக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை. எதிர் சீட்டில் உட்கார்ந்தால் தானாகச் சொல்வார்கள். காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கல் திறந்து, ஓடிபி வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும் கதையைச் சொல்வார்கள். கழிவறையில் தண்ணீர் நின்றுபோனதை நீங்களே பார்ப்பீர்கள். எழுத்தாளர்களும் வாருங்கள். கன்று போட்ட மாட்டுக்கு யார் சுடுதண்ணீர் வைக்கிறார்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறது.

பெரிய மனிதர்களைத் தனியாக விட்டுவிடுவதே மரியாதை என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. சாப்பிடுகிறவரிடம் போகக் கூடாது. குழந்தையோடு இருப்பவரின், நோயாளியைக் கூட்டிப் போகிறவரின் பக்கமே போகக் கூடாது. ஆனால் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதிரே மூன்று மணி நேரம் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பதை நான் மரியாதை என்று சொல்ல மாட்டேன். அவர் பாடியதை, எழுதியதை, ஆடியதை, செய்ததை வைத்துத்தானே நமக்கு அவரைத் தெரியும்? அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது அவருக்குச் சேர வேண்டிய கூலி. பிடிக்காததையும் சொல்லலாம். காந்தியிடம் முடியாது என்று சொன்னவர்களும் டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த சாதாரண ஜனங்கள்தான்.

அடுத்த முறை ரயிலிலோ பஸ்ஸிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ அப்படி ஒருவரைப் பார்த்தால், போனைப் பைக்குள் வையுங்கள். வணக்கம் சொல்லுங்கள், உங்கள் ஊரைச் சொல்லுங்கள். அவர் செய்ததில் உங்களுக்கு எது உதவியது, எது உறுத்தியது என்று சொல்லுங்கள். அவர் பதில் சொன்னால் கேளுங்கள். பேச விருப்பமில்லை என்று தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்திக்கொள்ளுங்கள். பதவி போனவராக, வயதானவராக, யாரும் திரும்பிப் பார்க்காதவராக இருந்தால் கட்டாயம் பேசுங்கள்.